ஒரு கிரேக்க ஊரின் தலைக்கணக்கு

பணியில் இருந்தபோது மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் வேலை செய்திருக்கிறேன். 1981-ல் வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பாளன். 1991-லும் 2001-லும் மேற்பார்வையாளன். அந்த வேலை என்னிடம் விட்டுப்போன வியாதி ஒன்று உண்டு. எந்த ஊரின் பெயர் காதில் விழுந்தாலும் அங்கே எத்தனை தலை என்று கேட்கத் தோன்றும். "கோயிலைப் பார்க்க வந்தீர்களா, ஆளை எண்ண வந்தீர்களா?" என்று என் மனைவி பல ஊர்களில் கேட்டிருக்கிறாள்.

இன்று எழுதப்போவது நான் போகாத ஓர் ஊரைப் பற்றி. இனிப் போகவும் முழங்கால் விடாது. கிரேக்க நாட்டின் கிழக்குக் கோடியில், துருக்கிக் கரையை ஒட்டிக் கிடக்கும் காஸ்டெலோரிசோ. தீவின் பெயரும் அதுதான், ஊரின் பெயரும் அதுதான். தீவில் இருப்பதே அந்த ஒரே ஊர்தான்.

2013-ல் மகள் வீட்டுக்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போயிருந்தோம். பக்கத்து வீட்டில் எண்பது வயதைத் தொட்ட ஓர் அம்மாள். ஒருநாள் மாலை தட்டில் பலகாரம் கொண்டுவந்தார். பெயர் கத்துமாரி என்றார். மாவை நம் பரோட்டாக் கடைக்காரர் போல மெல்லிசாக இழுத்து, வெண்ணெய் தடவி, சுருட்டிப் பொரித்து, மேலே சர்க்கரையும் பட்டைப் பொடியும் தூவியிருந்தது. "எங்கள் ஊர்ப் பண்டம்" என்றார். எந்த ஊர் என்றேன். "காசி" என்று காதில் விழுந்தது! திகைத்துப் போனேன். பிறகுதான் தெரிந்தது, காஸ்டெலோரிசோக்காரர்களை ஆஸ்திரேலியாவில் 'காஸி' என்று சுருக்கமாகச் சொல்வார்களாம்.

என் மகள் சும்மா இராமல், "அப்பா சென்சஸ் வேலை பார்த்தவர் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டாள். "அப்படியானால் என் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், சொல்லுங்கள்" என்றார் அந்த அம்மாள். மகளின் கணினியில் தேடினேன். 2011 கணக்கெடுப்பின்படி 492. சொன்னேன். அவர் சிரித்தார். "இங்கே எங்கள் கோயில் திருவிழாவுக்கே அதைவிட அதிகமாக வருவோம்" என்றார்.

அந்தச் சிரிப்புத்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. இருந்த மூன்று மாதத்தில் அவர் கொடுத்த புத்தகங்கள், நூலகத்தில் கிடைத்தவை, அவர் வாய்மொழியாகச் சொன்னது என்று நிறையச் சேர்த்தேன். குறிப்பேடு இப்போதும் இருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தீவின் பரப்பு சுமார் 9 சதுர கிலோமீட்டர். பெரிய தீவான ரோட்ஸ் 120 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே. ஏதென்ஸ் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். துருக்கிக் கரையோ மிக நெருங்கிய இடத்தில் இரண்டே கிலோமீட்டர். தீவின் துறைமுகத்திலிருந்து எதிரே காஷ் என்ற துருக்கி ஊருக்குப் படகில் அரை மணி நேரம் போதும். இரவில் அங்கே விளக்கு எரிவது இங்கே தெரியும்.

இந்தத் தீவுக்கு மெகிஸ்தி என்று இன்னொரு பெயர். கிரேக்கத்தில் 'மிகப் பெரியது' என்று அர்த்தம். ஒன்பது சதுர கிலோமீட்டருக்கு இந்தப் பெயரா என்று தோன்றும். சுற்றிலும் கிடக்கும் குட்டிக் குட்டிப் பாறைத் தீவுகளில் இதுதான் பெரியது, அவ்வளவுதான். துருக்கியர் இதையே மெய்ஸ் என்பார்கள். காஸ்டெலோரிசோ என்ற பெயர், துறைமுகத்துக்கு மேலே நிற்கும் கோட்டையின் சிவந்த கல்லால் வந்தது என்று சொல்கிறார்கள். அந்தக் கோட்டை ரோட்ஸை ஆண்ட செயிண்ட் ஜான் வீரத்துறவியரின் வேலை. அவர்களுக்குப் பிறகு எகிப்தின் மம்லூக்குகள், நேப்பிள்ஸ் அரசர், கடைசியில் உதுமானியத் துருக்கியர் என்று பலர் வந்து போனார்கள். அந்த அரசர் கதைகளை நான் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். என் அக்கறை குடிமக்கள் பக்கம்.

தீவு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. ஆறு கிடையாது, ஓடை கிடையாது. மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்தால்தான் குடிநீர். நெல்லோ கோதுமையோ பேர் சொல்லும்படி விளைய மண் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் சுமார் 1900-ல் எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒன்பதாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை என்று சொல்லப்படுகிறது. சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேர்! இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு பூஜ்யம் கூடிவிட்டதோ என்று இரண்டு மூன்று புத்தகங்களில் சரிபார்த்தேன். கூடவில்லை.

விடை துறைமுகத்தில் இருக்கிறது. காற்றுக்கு மறைவான, ஆழமான, இயற்கைத் துறைமுகம். சைப்ரஸ், பெய்ரூட், அலெக்சாந்திரியா பக்கம் போய்வரும் பாய்மரக் கப்பல்களுக்கு அந்தக் கரையில் இதுபோல் ஒதுங்க இடம் குறைவு. ஊர்க்காரர்களே கப்பல் வைத்துக்கொண்டார்கள். எதிர்க்கரையான அனத்தோலியாவின் மலைகளிலிருந்து மரம், அடுப்புக்கரி, தோல் பதனிட உதவும் ஒருவகை ஓக் மரக் கொட்டை, இவற்றை ஏற்றி எகிப்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து அரிசி, சர்க்கரை, துணி என்று திரும்பி வரும். கடற்பஞ்சு எடுக்க மூழ்குவோரும் இருந்தார்கள்.

எதிர்க்கரை என்று சொன்னேனே, அதைக் கவனிக்க வேண்டும். உதுமானியர் காலத்தில் அக்கரையும் இக்கரையும் ஒரே அரசு. ஊர்க்காரர்களுக்கு அக்கரையில் வயல் இருந்தது, தோப்பு இருந்தது, ஆடு மேய்க்க இடம் இருந்தது. இன்றைய காஷுக்கு அன்று ஆந்திஃப்லி என்று பெயர். அங்கே குடியேறி வாழ்ந்த கிரேக்கர்கள் பலர் இந்தத் தீவின் பிள்ளைகள். வீடு இங்கே, வயல் அங்கே. நம் பக்கத்தில் ஆற்றுக்கு இந்தப்புறம் ஊரும் அந்தப்புறம் நஞ்சையுமாக இருக்கும் பாருங்கள், அதே மாதிரி. நடுவில் ஓடியது கடல் என்பதுதான் வித்தியாசம்.

காசு வந்ததும் வீடுகள் எழும்பின. துறைமுகத்தைச் சுற்றி, குறுகலாக, உயரமாக, மர உப்பரிகையும் ஓட்டுக் கூரையுமாக, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்ததுபோல வரிசை வரிசையாக. ஹொராஃபியா என்ற மேட்டுப் பகுதியில் புனிதர்கள் கான்ஸ்டன்டைனும் ஹெலனாவும் பெயரால் 1835-ல் ஒரு பெரிய கோயில் கட்டினார்கள். உள்ளே நிற்கும் கருங்கல் தூண்கள் எதிர்க்கரையில் பாத்தாரா என்ற பழம்பதியின் அப்பல்லோ கோயிலிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. பழைய சாமியின் தூணைப் புதுச் சாமிக்கு வைப்பது எல்லா நாட்டிலும் நடந்திருக்கிறது. பக்கத்திலேயே சாந்த்ராபே என்ற செல்வந்தர் பணத்தில் 1903-ல் பெரிய பள்ளிக்கூடம் எழும்பியது. துறைமுக முனையில் பள்ளிவாசல். துருக்கியர் சில குடும்பங்கள் இருந்தார்கள். ஊர் பெரும்பாலும் கிரேக்கக் கிறிஸ்தவர்.

சரி, பத்தாயிரம் எப்படி இருநூறாயிற்று?

போரும் குண்டும் என்றுதான் பலர் சொல்வார்கள். அது பின்பாதி. கரைசல் அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. நீராவிக் கப்பல் வந்தது. பாய்மரம் வைத்திருந்தவனுக்குச் சரக்குக் குறைந்தது. 1890-களிலேயே சில இளைஞர்கள் பெர்த் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். 1909-க்குப் பின் உதுமானிய அரசு கிறிஸ்தவ இளைஞர்களையும் படையில் சேர்க்கத் தொடங்கியது. அதற்குத் தப்பி இன்னும் பலர் கிளம்பினார்கள். ஒருவர் போய் மீன் கடையோ சாப்பாட்டுக் கடையோ வைத்தால் தம்பி வருவான், பிறகு மைத்துனன் வருவான், பிறகு பெண்ணெடுக்க ஊருக்குக் கடிதம் போகும். இந்தச் சங்கிலி நமக்குப் புதிதல்ல. பெர்த்தில் 1912-லேயே ஊர்ச்சங்கம் தொடங்கிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயும் சுகவாழ்வு இல்லை. முதல் உலகப் போரின் நடுவே, 1916-ல், கிரேக்க அரசர் ஜெர்மனி பக்கம் சாய்கிறார் என்ற கோபத்தில் பெர்த்திலும் கல்கூர்லியிலும் கிரேக்கர் கடைகளை ஒரு கும்பல் உடைத்தது.

ஊரில் இருந்தவர்கள் 1913 மார்ச்சில் உதுமானிய அதிகாரியையும் சிறு காவல்படையையும் வெளியேற்றினார்கள். கிரேக்கத்தோடு சேர வேண்டும் என்பது ஆசை. கிரேக்கம் அப்போது சேர்த்துக்கொள்ளும் நிலையில் இல்லை. இரண்டு ஆண்டு அந்தரத்தில் நின்ற ஊரில் 1915 டிசம்பரில் பிரெஞ்சுக் கடற்படை வந்து இறங்கியது. பிரெஞ்சுக்காரர் வந்ததும் எதிர்க்கரை எதிரிக்கரை ஆகிவிட்டது. வயலுக்குப் போக முடியாது. போதாததற்கு அங்கிருந்து பீரங்கி வேறு. 1917 ஜனவரி 11 அன்று துறைமுகத்தில் நின்ற 'பென்-மை-க்ரீ' என்ற பிரிட்டிஷ் கப்பலைத் துருக்கிப் பீரங்கிகள் அங்கேயே எரித்து மூழ்கடித்தன. கடல் விமானங்களைச் சுமந்த கப்பல் அது. வாசல் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும் தூரத்தில் கப்பல் எரிந்தால் எவன் அந்த ஊரில் பிள்ளைகுட்டிகளோடு இருப்பான்? எகிப்துக்குப் போனார்கள், ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள்.

1921-ல் பிரெஞ்சுக்காரர் போய் இத்தாலியர் வந்தார்கள். 1923-ல் லோசான் உடன்படிக்கை. தீவு இத்தாலிக்கு, எதிர்க்கரை புதிய துருக்கிக் குடியரசுக்கு என்று முடிவாயிற்று. அதே ஆண்டு கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டன. துருக்கியிலிருந்து பன்னிரண்டு லட்சம் போல கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு, கிரேக்கத்திலிருந்து நான்கு லட்சம் அளவில் முஸ்லிம்கள் துருக்கிக்கு. ஆந்திஃப்லியின் கிரேக்கர்களும் போய்விட்டார்கள். அக்கரையில் இருந்த வயலும் தோப்பும் அதோடு சரி.

என் கணக்கில் ஊர் விழுந்த வருடம் 1923 தான். குண்டு ஒன்றும் விழவில்லை. காகிதத்தில் கோடு ஒன்று விழுந்தது. பாறைமேல் பத்தாயிரம் பேர் வாழ முடிந்ததற்குக் காரணமே எதிர்க்கரைதான். அதை வெட்டியதும் பாறைதான் மிச்சம். இத்தாலியர் காலத்தில் ஊரில் மிஞ்சியது இரண்டாயிரத்துச் சொச்சம். 1926-ல் ஒரு நிலநடுக்கம் வேறு.

இத்தாலியர் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். துறைமுகத்தில் அவர்கள் கட்டிய ஆளுநர் மாளிகையும் சந்தைக் கட்டடமும் இன்றும் நிற்கின்றன. 1929-லிருந்து மார்சேய்–பெய்ரூட் பிரெஞ்சுக் கடல் விமானங்கள் இங்கே இறங்கிப் போயின. கொஞ்ச காலம் ஊரில் சுறுசுறுப்பு இருந்தது. ஆனால் 1930-களின் பின்பாதியில் பள்ளிகளில் கிரேக்க மொழியை ஒழித்துக்கட்டினார்கள். "பகலில் இத்தாலி, ராத்திரி பாட்டியிடம் கிரேக்கம்" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள், தன் அக்காவின் பள்ளி நாட்களைப் பற்றி.

அவர் பிறந்தது 1934. இனி வரும் பகுதியில் அவருடைய நினைவும் கலந்திருக்கிறது.

1941 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் இரவோடு இரவாக வந்து தீவைப் பிடித்தார்கள். சில நாளில் ரோட்ஸிலிருந்து இத்தாலியர் வந்து மீட்டுக்கொண்டார்கள். பிரிட்டிஷாரைக் கைதட்டி வரவேற்றவர்கள் பாடு என்னவாகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் மீண்டும் பிரிட்டிஷார் வந்தார்கள். அக்டோபரில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போடத் தொடங்கின. ஊரையே காலி செய்ய முடிவாயிற்று. மிஞ்சியிருந்த மக்களைக் கப்பலில் ஏற்றி முதலில் சைப்ரஸ், பிறகு பாலஸ்தீனத்தில் காஸாப் பக்கம் நுசைராத் என்ற இடத்தில் கூடாரம். அதே நுசைராத்தில் 1948-க்குப் பிறகு பாலஸ்தீன அகதிகள் வந்து தங்கினார்கள். இன்றைக்கும் செய்தியில் அந்தப் பெயர் வருகிறது. வரும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாளின் முகம்தான் தெரியும்.

ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அந்த முகாமில் ஞாபகம் இருப்பது மணல். சாப்பாட்டில் மணல், படுக்கையில் மணல். "எங்கள் ஊரில் மணலே கிடையாது, கல்தான். அதனால் எனக்கு முதலில் விளையாட்டாக இருந்தது" என்றார். அவர் அம்மா வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்து வந்திருந்தாராம். எல்லோருமே அப்படித்தானாம்.

1944 ஜூலையில், ஊர்க்காரர் ஒருவரும் இல்லாத ஊரில், எரிபொருள் கிடங்கில் தீப்பிடித்து வெடிமருந்துக் கிடங்குக்குப் பரவியது. ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. அங்கே இருந்த படையினர் வீடுகளில் கொள்ளையடித்துவிட்டு, அதை மறைக்கத்தான் தீ வைத்தார்கள் என்று காஸிக்காரர்கள் இன்றும் நம்புகிறார்கள். நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. காவல் காக்க வந்தவர்கள் பொறுப்பில் இருந்த ஊர் எரிந்தது என்ற அளவில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

போர் முடிந்தது. 1945 செப்டம்பர் 29 அன்று எகிப்தின் போர்ட் சயீதிலிருந்து 'எம்பயர் பேட்ரோல்' என்ற கப்பல் சுமார் ஐந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு ஊர் நோக்கிக் கிளம்பியது. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். சில மணி நேரத்தில் நடுக்கடலில் தீ. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தப்பியவர்களை மீட்டுப் போர்ட் சயீதுக்கே கொண்டுபோனார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் அந்தக் கப்பலில் ஏற வேண்டியவர். தாயாருக்குக் காய்ச்சல் என்று பின்தங்கிவிட்டார்கள். அவருடைய சிற்றப்பா மனைவி போனார், வரவில்லை. இதைச் சொல்லும்போது குரல் மாறவில்லை. கையில் இருந்த துணியை மட்டும் மடித்துக்கொண்டே இருந்தார், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

பிறகு வேறு கப்பலில் ஊர் சேர்ந்தார்கள். சாவி இருந்தது, கதவு இல்லை. கதவு இருந்த சுவரும் இல்லை. மழைநீர்த் தொட்டி மட்டும் இருந்தது. அதில் தண்ணீரும் இருந்ததாம். "அந்தத் தண்ணீரை அம்மா எடுத்துக் குடித்தாள். பிறகுதான் அழுதாள்."

1947 சமாதான உடன்படிக்கையில் இத்தாலி இந்தத் தீவுகளைக் கிரேக்கத்துக்கு விட்டுக்கொடுத்தது. 1948 மார்ச் 7 அன்று முறைப்படி இணைப்பு. 1821 விடுதலைப் போரில் கப்பலோடு போய்ச் சேர்ந்த ஊர், 1913-ல் தானாகக் கொடி ஏற்றிய ஊர், கடைசியில் ஆசைப்பட்ட கொடியின் கீழ் வந்தபோது ஊரில் சில நூறு பேர்தான். வந்த கொடிக்கு வணக்கம் சொல்லிவிட்டு அவர்களிலும் பாதிப்பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் குடும்பம் 1949-ல் பெர்த் வந்தது. பெர்த்தில் மாமா இருந்தார், மாமாவிடம் மீன் கடை இருந்தது. எரிந்த ஊரில் ஒன்றுமில்லை.

1981 கணக்கெடுப்பில் இருநூற்றுச் சொச்சம். நான் வெயிலில் கணக்கெடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டு அங்கேயும் ஒருவர் எண்ணியிருக்கிறார். அவருக்கு ஒருநாள் வேலைதான் இருந்திருக்கும்.

இங்கே ஒரு கிளைக்கதை. சொல்லாமல் விட மனம் வரவில்லை. காஸ்டெலோரிசோவுக்கு மேற்கே ரோ என்றொரு குட்டித்தீவு. 1920-களில் தெஸ்பினா அக்லாதியோத்தி என்ற பெண் கணவரோடு ஆடு மேய்க்க அங்கே போனார். 1940-ல் கணவர் இறந்தார். அதன் பிறகு அந்த அம்மாள் தன் கண் தெரியாத தாயாரோடு அங்கேயே இருந்தார். தாயாரும் போன பின் தனியாக. தினமும் காலையில் கிரேக்கக் கொடியை ஏற்றுவார், மாலையில் இறக்குவார். 1982-ல் இறக்கும்வரை இது நடந்தது. தொண்ணூறு வயதுக்கு மேல். இறந்ததும் ரோவிலேயே அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 'ரோவின் சீமாட்டி' என்று கிரேக்கம் முழுக்கத் தெரியும். நான் நினைத்துக்கொண்டது வேறு. ஒரே ஒரு ஆள் இருந்த அந்தத் தீவுக்கும் ஒரு கணக்கெடுப்பாளன் படகில் போயிருப்பானா? குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு எழுதியிருப்பானா?

இருநூறோடு ஊர் அணைந்திருக்க வேண்டியது. அணையவில்லை. மக்கள் இல்லாத எல்லை கைவிட்டுப் போகும் என்ற பயம் கிரேக்க அரசுக்கு. அதனால் படைவீரர்கள், காவலர், ஆசிரியர், மருத்துவர் என்று அனுப்பி, கப்பலுக்கு மானியம் கொடுத்து, 1980-களில் ஒரு சின்ன விமான நிலையமும் கட்டி ஊரைப் பிடித்து வைத்தார்கள். அதே சமயம் ஆஸ்திரேலியாவில் ஓரளவு பணம் சேர்த்த காஸிக்காரர்கள் பழைய மனையைத் தேடி வந்து வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். 1991-ல் கப்ரியேலே சால்வதோரெஸ் என்ற இத்தாலிய இயக்குநர் 'மெடிடெரேனியோ' என்ற படத்தை இங்கே எடுத்தார். போரில் ஒரு கிரேக்கத் தீவுக்கு வந்து போரையே மறந்துவிடும் இத்தாலியச் சிப்பாய்கள் கதை. ஆஸ்கார் விருதும் கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு இத்தாலியர்கள் சாரி சாரியாக வந்தார்கள், இந்த முறை காசு கொடுத்துத் தங்க. படத்தை மகள் வீட்டில் பார்த்தோம். அழகான படம். அந்த அம்மாளிடம் எப்படி என்று கேட்டேன். "கடல் நன்றாக எடுத்திருக்கிறான்" என்றார். சிப்பாய்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

1991-ல் முந்நூறுக்குக் கீழே, 2001-ல் நானூறு அளவில், 2011-ல் 492. ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. 2010 ஏப்ரல் 23 அன்று கிரேக்கப் பிரதமர் பாப்பண்ட்ரூ, நாடு கடனில் மூழ்குகிறது, ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நிதியத்திடமும் கை நீட்டுகிறோம் என்று அறிவித்தது இந்தத் துறைமுகத்தில் நின்றுதான். பின்னால் நீலக்கடல், வண்ண வீடுகள். துக்கச் செய்தி சொல்ல இவ்வளவு அழகான இடமா என்று பலர் கேட்டார்களாம். அதன் பிறகு கிரேக்கர்களுக்குக் காஸ்டெலோரிசோ என்றாலே அந்தக் கடன்தான் ஞாபகம் வருமாம். பாவம் அந்த ஊர்!

எதிர்க்கரையோடு உறவும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. காய்கறி வாங்க ஊர்க்காரர்கள் படகேறி காஷ் வாரச்சந்தைக்குப் போகிறார்கள். ஆண்டுக்கொருமுறை தீவிலிருந்து காஷுக்கு நீச்சல் போட்டியும் நடக்கிறது. ஏழு கிலோமீட்டர். இரு அரசுகளும் கடல் எல்லையைப் பற்றி முறைத்துக்கொள்ளும்போது மட்டும் சந்தைப் படகு நின்றுவிடும் என்று பயப்படுவார்களாம்.

2016-ல் மறுபடி பெர்த் போனோம். அந்த அம்மாள் தளர்ந்திருந்தார். ஆனால் தொலைக்காட்சிச் செய்தி மட்டும் விடுவதில்லை. முந்தைய வருடம் சிரியப் போரிலிருந்து தப்பியவர்கள் காஷ் கரையிலிருந்து சின்னச் சின்னப் படகுகளில் அவர் ஊரில் வந்து இறங்கியிருந்தார்கள். துறைமுகக் கரையில் குழந்தைகளோடு படுத்திருந்த படத்தைக் காட்டி, "நாங்கள் அங்கே போனோம், அவர்கள் இங்கே வருகிறார்கள். ஏழை ஊர்தான், ஆனால் தண்ணீர் கொடுத்தார்களாம்" என்றார். அதைப் பெருமையாகச் சொன்னார்.

அன்றுதான் கணக்குப் பேச்சும் மறுபடி வந்தது. "நீங்கள் சொன்னீர்களே, 492. அதில் நான் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எங்கே வசிக்கிறோமோ அங்கேதான் எண்ணுவார்கள் என்று விளக்கினேன். வீடில்லாதவர்களைக்கூட நாங்கள் பிப்ரவரி 28 இரவு தெருத்தெருவாகப் போய், படுத்திருந்த இடத்தில்தான் எண்ணினோம் என்றேன். அவர் தலையாட்டிக் கேட்டார். பிறகு, மகன் அந்தப் பழைய மனையில் இரண்டு அறை கட்டியிருப்பதாகச் சொன்னார். தொட்டியை இடிக்க விடவில்லையாம். மகனும் பேரன்களும் ஆகஸ்ட் மாதம் மட்டும் போய் இருப்பார்கள். மற்ற பதினொரு மாதமும் பூட்டித்தான் கிடக்கும்.

"பூட்டின வீட்டை என்ன செய்வீர்கள்?" என்றார்.

கிரேக்க முறை எனக்குத் தெரியாது, எங்கள் முறையைச் சொன்னேன். பூட்டியிருந்தாலும் வீட்டுப் பட்டியலில் சேர்த்துவிடுவோம். ஆள் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு எண் உண்டு. அதைக் கதவு நிலையில் எழுதிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவோம்.

"எழுதுவீர்கள் அல்லவா?" என்று மறுபடி கேட்டுக்கொண்டு, கத்துமாரித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.